ஆண்பிள்ளை அப்படித்தானா?

திருச்செந்தூர் சண்முக விலாச மண்டபத்தில் உச்சிகாலப் பூசைக்காகக் கூட்டம் காத்திருந்தது. முடி இறக்கிச் சந்தனம் பூசிய தலையோடு ஒரு சிறுவன் தன் ஆச்சியின் இடுப்பில் அமர்ந்திருந்தான். ஒரு வயது நிறைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தீபாராதனை தொடங்கியதும் மணியும் மேளமும் ஒருசேர முழங்கின. அருகிலிருந்த குழந்தைகள் திடுக்கிட்டன. ஒன்றிரண்டு வீறிட்டு அழுதன. இவன் மட்டும் அசையவில்லை. தீபத்தின் சுடரையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பார்த்தீர்களா? ஆண்பிள்ளை, எதற்கும் அஞ்சமாட்டான்” என்று ஆச்சி பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். அவளருகே நின்ற மருமகள் ஒன்றும் பேசாமல் தலை குனிந்துகொண்டாள்.

இலை விபூதி பெற்றுக்கொண்டு பிராகாரத்தில் வந்து அமர்ந்தபோது, அக்குடும்பத்தைப் பல ஆண்டுகளாக அறிந்த முதிய ஓதுவார் ஒருவர் அங்கு வந்தார். நலம் விசாரித்தபின், “பேரன் என்னென்ன பேசுகிறான் ஆச்சி?” என்று கேட்டார்.

“இன்னும் வாய் திறக்கவில்லை ஐயா. ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான். இவன் அப்பனும் நேரம் கழித்துத்தான் பேசினான். குமரகுருபர சுவாமிகளே ஐந்து வயதில்தானே வாய் திறந்தார்? அந்த முருகனை நம்பித்தான் இவனையும் இங்கே கொண்டுவந்தோம்.”

ஓதுவார் சிறிது நேரம் குழந்தையையே பார்த்திருந்தார். பிறகு, “அந்த வரலாற்றை இன்னொருமுறை நினைத்துப் பாருங்கள் ஆச்சி” என்று தொடங்கினார்.

பதினேழாம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் வாழ்ந்தவர்கள் சண்முக சிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரி அம்மையாரும். அவர்களுக்குப் பிறந்த ஆண்மகவு ஐந்தாண்டு நிறையும்வரை பேசவில்லை. பெற்றோர் மனம் நொந்து, மகனைத் தூக்கிக்கொண்டு செந்திலாண்டவன் சந்நிதிக்கு வந்து, நோன்பு நோற்று அவனடியே கதியெனக் கிடந்தனர். முருகன் அருளால் வாய் திறந்த அக்குழந்தை கந்தர் கலிவெண்பாவைப் பாடியது என்பது வழிவழியாக வரும் செய்தி.

“ஐந்து வயதில் பேசினார் என்பதை மட்டும் நாம் பிடித்துக்கொள்கிறோம். அவரைப் பெற்றவர்கள் ‘ஆண்பிள்ளை அப்படித்தான்’ என்று வீட்டில் இருந்துவிட்டார்களா? தங்கள் காலத்தில் தாங்கள் அறிந்த வழியைத் தேடிப் புறப்பட்டார்கள். தேடியதும் நோன்புதான் ஆச்சி.” இவ்வாறு சொன்னவர் குழந்தையின் தாய் பக்கம் திரும்பினார். “அம்மா, இவன் பார்க்காதபோது பின்னாலிருந்து அழைத்தால் திரும்புகிறானா?”

அவள் கண்கள் நிறைந்தன. “இல்லை ஐயா. பாத்திரம் கீழே விழுந்தாலும் திரும்புவதில்லை. ஐந்தாம் மாதத்தில் ஓயாமல் குரல் கொடுப்பான். பிறகு அதுவும் குறைந்துவிட்டது.” பெரியவர்கள் முன்னிலையில் அவள் இதைச் சொன்னது அதுவே முதல் முறை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவள் மனத்திலேயே கிடந்த சொல் அது.

ஆண்குழந்தை பிறந்த வீட்டில் எதை எதிர்பார்ப்பது, எப்போது எதிர்பார்ப்பது என்பதைத் தமிழ்ச் சான்றோர் மிக நுட்பமாகக் கவனித்துள்ளனர். அக்கவனிப்பே பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமாக மலர்ந்தது. ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரரே பின்னாளில் மதுரை மீனாட்சியம்மை மீதும், வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமி மீதும் பிள்ளைத்தமிழ் பாடினார். செந்தூர் முருகனைக் குழந்தையாக்கிப் பாடியவர் பகழிக்கூத்தர்.

பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம்வரை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக அவற்றை வகுப்பது ஒரு மரபு. மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று வேறுபடும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழும் ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் பொதுவானவை. இறுதி மூன்று மட்டுமே பிரிகின்றன. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அவை அமையும். ஒன்றேகால் வயதுவரை ஆண், பெண் என்ற வேறுபாடின்றிக் குழந்தையைக் குழந்தையாகவே பார்க்க வேண்டும் என்பது அந்த வைப்புமுறையிலிருந்து பெறத்தக்க பாடம்.

உடல் வளர்ச்சியிலும் தொடக்க வேறுபாடு சிறிதே. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, பிறக்கும்போது ஆண்குழந்தையின் நடுத்தர எடை 3.3 கிலோ, பெண்குழந்தைக்கு 3.2 கிலோ. ஓராண்டு நிறைவில் அது முறையே 9.6 கிலோவும் 8.9 கிலோவும் ஆகிறது. ஆண்குழந்தைக்கென்று தனியே கவனிக்க வேண்டியவை சிலவே. விரைகள் இரண்டும் பைக்குள் இறங்கியுள்ளனவா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதமாகியும் இறங்கவில்லையெனில் சிகிச்சை குறித்து அவரிடம் கலந்து பேச வேண்டும். குளிப்பாட்டும்போது ஆண்குறியின் முன்தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது புண்ணையும் தழும்பையும் உண்டாக்கும். வெளிப்புறத்தை நீரால் கழுவினால் போதும். தோல் தானாக நெகிழச் சில ஆண்டுகள் ஆகும்.

இனிப் பருவங்களைக் காண்போம். ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரை, குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் நிலை. ‘கீர்’ என்பதற்குச் சொல் என்று பொருள்கொண்டு, மழலை அரும்பும் நிலை என்றும் உரைப்பர். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் குரல் எழுப்பும். தன் குரலும் பிறர் குரலும் காதில் விழாமையால் அது நாளடைவில் அடங்கிவிடும். எனவே, ஒருமுறை மழலை கேட்டோமே என்று நிறைவடைந்துவிடலாகாது. அது நாளுக்கு நாள் பெருகுகிறதா என்பதையே நோக்க வேண்டும்.

ஏழாம் மாதம் தாலாட்டுக்கு உரியது. பாடும் குரலை நோக்கிக் குழந்தை முகம் திருப்ப வேண்டும். ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது கைகொட்டுதல். இந்நாளில் துணையின்றி அமர்வதும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதும் இயல்பு. பதினொன்றில் முத்தம், கேட்டால் தரும் அளவுக்குச் சொல் புரியும் காலம். அடுத்து வருகை, தளர்நடைக் காலம். ஓராண்டை ஒட்டி ஓரிரு சொற்கள் பிறக்கும்.

பதினைந்தாம் மாதத்துக்குரிய அம்புலிப் பருவத்தைப் பாடுவது கடினம் என்பதால் ‘பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி’ என்ற வழக்கு எழுந்தது. நிலவைக் குழந்தையுடன் விளையாட அழைக்கும் பருவம் அது. வீட்டு முற்றத்தில் தாய் நிலவைக் காட்ட, குழந்தையும் தன் சுட்டுவிரலை நீட்டித் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. ‘நான் காண்பதை நீயும் காண்’ என்னும் அந்தச் சுட்டலைக் குழந்தை வளர்ச்சியின் முக்கியமான அடையாளங்களுள் ஒன்றாக இன்றைய மருத்துவர்கள் கருதுகின்றனர். ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக் காட்டவில்லையெனில் அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆண்குழந்தைகள் பெண்குழந்தைகளைவிடச் சற்றுப் பிந்திப் பேசுவர் என்பது சராசரி அளவில் மெய்தான். ஆயினும் அந்த இடைவெளி ஓரிரு மாத அளவே. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, வந்த பேச்சோ செயலோ நின்றுபோயிற்று என்றால், ஆணா பெண்ணா என்று பாராமல் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். மூளை மொழியை எளிதில் ஏற்கும் காலம் இளமை. ஒவ்வொரு மாதமும் அரியது. பிறந்த சில நாள்களிலேயே இச்சோதனையைச் செய்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கு வசதி உண்டு.

ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரிய பருவங்களுள் ஒன்று சிற்றில். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்க வருகிறான் சிறுவன். ‘எங்கள் சிற்றிலைச் சிதையாதே’ என்று அவர்கள் வேண்டுகின்றனர். சிறுவனின் துடுக்குத்தனத்தை மறைக்காத புலவர்கள், பாடும் குரலை மட்டும் வீடு கட்டிய சிறுமியருக்கே தந்தனர். இரண்டு வயதில் ஓடுதலும் எறிதலும் தட்டி உடைத்தலும் இருக்கும். அப்போது ‘ஆண்பிள்ளை அப்படித்தான்’ என்று சிரித்து விட்டுவிடுவதும், விழுந்து அழுதால் ‘ஆண்பிள்ளை அழலாமா’ என்று வாயடைப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். உடைந்த வீட்டுக்காக அழும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க அவனுக்குக் கற்றுத்தர வேண்டும். அவன் அழும்போது மடியில் இருத்திக்கொள்ளவும் வேண்டும். தன் வலிக்கு மடி கிடைத்த பிள்ளைக்கே பிறர் வலி விளங்கும்.

செந்தூரிலிருந்து திரும்பிய அக்குடும்பம் மறுவாரமே மருத்துவமனைக்குச் சென்றது. எளிதில் நடந்த பயணம் அன்று அது. ‘பேரனுக்குக் குறை என்று ஊர் சொல்லுமே’ என்று இரண்டு நாள் ஆச்சி உணவு கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவளே விபூதி மடித்த பன்னீர் இலையை மருமகளின் கையில் கொடுத்து, “புறப்படு அம்மா, நானும் வருகிறேன்” என்றாள். உறங்கும் குழந்தையின் தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலி செலுத்தி, நரம்பின் மறுமொழியைப் பதிவு செய்தனர். இரு காதுகளிலும் கேட்கும் திறன் மிகவும் குறைந்திருந்தது. காதுக்குப் பின் அணியும் கருவிகள் பொருத்தப்பட்டன. வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி தொடங்கியது. பயிற்றுநர் வீட்டுக்கென்று சொன்ன பாடம் ஒன்றே: குழந்தையின் முகம் பார்த்து, நாளெல்லாம் பேசுங்கள். தால் பாடுவதும், கைகொட்ட அழைப்பதும், நிலவைக் காட்டுவதும் அந்த வீட்டில் புதிதாகத் தொடங்கின. ஆச்சிதான் அதிகம் பேசினாள்.

அடுத்த ஆண்டு அவர்கள் மீண்டும் திருச்செந்தூர் வந்தனர். சிறுவனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்திருந்தன. வயதுக்கு அவை குறைவுதான், இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். அதே மண்டபத்தில் உச்சிகாலப் பூசையின் மணி முழங்கியது. ஆச்சியின் தோளில் இருந்த குழந்தை திடுக்கிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு உரக்க அழுதான். கூட்டத்தில் யாரோ, “ஆண்பிள்ளை இப்படி அழலாமா?” என்றனர்.

“அழட்டும். என் பேரன் நன்றாக அழட்டும்” என்று சொல்லி, ஆச்சி சந்நிதியை நோக்கிக் கைகூப்பினாள்.