‘கொலட்டரல் டமேஜ்’: சேதமானது எது?

போர்ச் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்தவர்களுக்கு ‘கொலட்டரல் டமேஜ்’ என்ற சொற்றொடர் தந்த சிரமம் தெரியும். ‘பக்கச் சேதம்’ என்றால் வாசகருக்கு எதுவும் விளங்காது. ‘பக்கவிளைவு’ என்றால் மருந்தின் நினைவே வரும். ஆசிரிய பீடத்தில் பணியாற்றிய காலத்தில் நானும் பலமுறை பேனாவைக் கீழே வைத்து யோசித்திருக்கிறேன்.

‘கொலட்டரல்’ என்பதன் லத்தீன் வேர் ‘பக்கம்’ என்று பொருள்படும். வங்கியில் அது கடனுக்கு ஈடாக வைக்கும் பிணை. இராணுவத்தினரின் வாயில் அது, குறிவைத்த இலக்குக்குப் புறம்பாக நேரும் இழப்பு. 1991 வளைகுடாப் போரின்போது இச்சொற்றொடர் உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பக்தாத்தின் அமிரியா பதுங்குமிடத்தின் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். 1999இல் நேட்டோ யுகோஸ்லாவியா மீது குண்டு வீசியபோதும் இதே சொற்றொடர் ஒலித்தது. அவ்வாண்டின் ‘தகாத சொல்’ என அதன் ஜேர்மன் வடிவத்தை ஜேர்மனியின் மொழியியலாளர் குழுவொன்று தெரிவு செய்தது.

அரசுகள் பழக்கிய சொல் அரசுகளிடம் மட்டும் தங்கிவிடவில்லை. 1995இல் ஒக்லஹோமா நகரில் அரச கட்டடமொன்றைத் தகர்த்து 168 பேரைக் கொன்ற திமோதி மக்வே, அவர்களுள் அடங்கிய 19 குழந்தைகளையும் இதே சொற்றொடரால்தான் குறிப்பிட்டான். முன்னாள் படைவீரனான அவன், வளைகுடாப் போரில் பங்குபற்றியவன்.

போர்ச் சட்டம் இந்த மழுப்பலைச் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாவது மேலதிக நெறிமுறை, பொதுமக்களின் உயிரிழப்பு, அவர்களுக்கு ஏற்படும் காயம், அவர்களது உடைமைகளுக்கு ஏற்படும் சேதம் என மூன்றையும் தனித்தனியே எழுதுகிறது. ‘சேதம்’ பொருட்களுக்கு மட்டுமே உரியது. இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மனிதரையும் மதிற்சுவரையும் சமமாக்கியது ‘கொலட்டரல் டமேஜ்’தான்.

நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். ‘உயிர்ச்சேதம், பொருட்சேதம்’ என்று ஒரே மூச்சில் தலைப்பிட்டவர்கள்தானே நாம்! ஆயினும் அங்கே ‘உயிர்’ என்ற சொல்லாவது எஞ்சியிருந்தது. 2009இல் முடிவுற்ற போரை அரசாங்கம் ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று அழைக்கக் கேட்டவர்களுக்கு, சொற்கள் பிணங்களை மூடும் விதத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே இளைய பத்திரிகையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இச்சொற்றொடருக்கு அழகிய தமிழ்க் கலைச்சொல் தேடி அலையாதீர்கள். படைப் பேச்சாளர் அதைச் சொன்னால், அவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் இடுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் ‘பொதுமக்கள் கொல்லப்பட்டனர்’ என்றே எழுதுங்கள். எத்தனை பேர், எவரால் என்பதும் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.