தோற்றது யார்?

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தின் கூடைப்பந்து கோஷ்டிக்கு ‘பிஸ்டன்ஸ்’ என்று பெயர். 2023 அக்டோபர் 30 அன்று அது ஓர் ஆட்டத்தில் தோற்றது. அடுத்த ஆட்டத்திலும் தோற்றது. டிசம்பர் 28 வரை 28 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது! என்.பி.ஏ. போட்டியின் சரித்திரத்தில் ஒரே பருவத்தில் இத்தனை தொடர் தோல்வி கண்ட கோஷ்டி வேறு கிடையாது. டிசம்பர் 30 அன்று டொராண்டோவை 129–127 என்று வென்ற பிறகுதான் ரசிகர்கள் மூச்சு விட்டார்கள். பருவம் முடிந்தபோது வெற்றி 14, தோல்வி 68.

விளையாட்டில் வெற்றி தோல்வி சகஜம்தானே என்று சிலர் கேட்கலாம். சகஜம்தான். ஆனால், இந்தத் தோல்வியில் தோற்றது யார்? நஷ்டம் யாருக்கு?

ஆட்டக்காரர்கள் பாடுபடாமல் தோற்கவில்லை. இருபத்தேழாவது தோல்வியன்று கேட் கன்னிங்ஹாம் என்ற இளைஞர் ஒருவரே 41 புள்ளிகள் எடுத்தார். அப்படியும் கோஷ்டி கரையேறவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு 7 கோடியே 85 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் பேசி அமர்த்திய பயிற்சியாளரை ஒரே ஆண்டில், 2024 ஜூனில், வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதலாளி என்ன ஆனார்? டாம் கோர்ஸ் என்ற முதலீட்டுக் கம்பெனி அதிபர் 2011-ல் இந்தக் கோஷ்டியை ஏறத்தாழ 32½ கோடி டாலருக்கு வாங்கினார். கோஷ்டி தோற்றுக்கொண்டிருந்த அதே 2023-ல் அதன் மதிப்பு சுமார் 300 கோடி டாலர் என்று ‘போர்ப்ஸ்’ பத்திரிகை கணக்கிட்டது! ஆடுகளத்தில் வீழ்ச்சி, சொத்துக் கணக்கில் ஒன்பது மடங்கு உயர்ச்சி!

இந்த விந்தை எப்படி நடக்கிறது? தேசிய டெலிவிஷன் ஒப்பந்தப் பணத்தை 30 கோஷ்டிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. வென்றவனுக்கும் அதே பங்கு, தோற்றவனுக்கும் அதே பங்கு. 2024-ல் செய்த புதிய ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியில் நிற்கும் கோஷ்டியைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளுவார்கள். இங்கே அந்தப் பயமும் இல்லை. கடைசி இடத்துக்கு வந்தால், புதிய இளம் வீரர்களை முதலில் பொறுக்கும் குலுக்கலில் அதிக வாய்ப்பு வேறு கிடைக்கும்!

டெட்ராய்ட் மக்கள் கொடுத்தது டிக்கெட் காசு மட்டுமல்ல. அந்த நகரம் 2013-ல் திவால் மனுப் போட்டது. ஓய்வு பெற்ற நகரசபை ஊழியர்களின் பென்ஷனில் கைவைத்தார்கள். ஆனால் 2017-ல் திறந்த விளையாட்டு அரங்கத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல் பொதுப் பணம் கிடைத்தது! அந்த அரங்கத்தில்தான் பிஸ்டன்ஸ் ஆடுகிறது. 2023 டிசம்பரில் அங்கே ரசிகர்கள் “கோஷ்டியை விற்றுவிடு!” என்று கோஷமிட்டார்கள். முதலாளி விற்கவில்லை. விற்க வைக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோல்வி தொடங்கிய அதே அக்டோபர் 30 அன்றுதான், ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்த மோட்டார் தொழிலாளர் சங்கத்துடன் ஜெனரல் மோட்டார்ஸ் உடன்பாட்டுக்கு வந்தது. போர்டும் ஸ்டெல்லான்டிஸும் சில நாள் முன்பே இறங்கி வந்திருந்தன. நாலரை ஆண்டு ஒப்பந்தத்தில் 25 சதவிகித ஊதிய உயர்வு! தொழிற்சாலையில் சங்கம் இருந்தது, வென்றார்கள். அரங்கத்தில் தொண்டை மட்டுமே இருந்தது. அது கம்மியதுதான் மிச்சம்.

அடுத்த பருவத்தில் புதிய பயிற்சியாளரின் கீழ் பிஸ்டன்ஸ் 44 ஆட்டங்களை வென்றதே என்பார்கள். மகிழ்ச்சியே! அந்தப் பெருமை ஆடியவர்களுக்கும் பயிற்சி தந்தவருக்கும் உரியது. ஆனால் நாளை மீண்டும் சரிந்தால் கேள்வி கேட்க ரசிகனுக்கு என்ன வழி? நேற்று இல்லாத வழி இன்றும் இல்லை.

வழியே கிடையாதா? உண்டு. அதே அமெரிக்காவில் கிரீன் பே என்ற சிறு நகரத்தின் கால்பந்து கோஷ்டி 1923 முதல் பொதுமக்களின் சொத்து. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் பங்குதாரர்கள். லாபப் பங்கு எவருக்கும் கிடையாது. பெரிய நகரங்களின் கோஷ்டிகளுக்கு ஈடுகொடுத்து அது பல முறை சாம்பியன் பட்டம் வென்றிருக்கிறது. ஆனால், வேறெந்தக் கோஷ்டியும் அந்த வழியில் போகக் கூடாது என்று அந்த லீக் சட்டம் போட்டு வைத்திருக்கிறது! ஏன் என்று சொல்லவும் வேண்டுமா?

பொதுப் பணத்தில் அரங்கம் என்றால் நிர்வாகத்திலும் பொதுமக்களுக்கு இடம் வேண்டும். டெட்ராய்ட் ரசிகன் கேட்க வேண்டியது வெறும் வெற்றியை அல்ல. தன் கோஷ்டியில் தனக்கு ஒரு குரலை!