கணக்கை விட்டவர்கள் அல்ல, விட வைக்கப்பட்டவர்கள்

அகரம், தாடிக்கொம்பு பக்கம் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளைகளோடு போகும்போதெல்லாம் கேட்கிற வாசகம் இது: "மார்க் பத்தாதும்மா, ப்யூர் சயின்ஸ் எடுத்துக்க. நர்சிங்குக்கு அது போதும்." அந்தக் குரூப்பில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உண்டு. கணக்கு கிடையாது. முதல் குரூப் வரிசையில் யார் நிற்கிறார்கள், அடுத்த வரிசைக்கு யார் தள்ளிவிடப்படுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள் தோழர்களே. பதினைந்து வயதிலேயே காலனிப் பிள்ளையின் கையிலிருந்து கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கிவிடுகிறோம்.

இதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்? உயிரியலே இன்று கணக்காகிவிட்டது. கொரோனா காலத்தில் ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற 'ஆர்' எண்ணைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். இந்தியாவுக்கு அதைக் கணக்கிட்டுச் சொன்னவர்களில் முக்கியமானவர் சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் சிதப்ர சின்ஹா. அவர் இயற்பியலாளர், மருத்துவர் அல்ல. அந்த நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியலில் முனைவர் பட்டப் பயிற்சி இருக்கிறது. பெங்களூரு என்.சி.பி.எஸ்ஸில் அமெரிக்க சைமன்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. எந்த நோயை எண்ணுவது, யார் உடம்பில் எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்ற முடிவுகள் இனி இங்கே படித்து வருகிறவர்கள் கையில். சாக்கடைக்குள் இறங்குகிறவனின் நுரையீரல் யாருடைய ஆய்வுக் கேள்வியாக வரும்?

இனி சட்டத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டம், பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 என்கிறது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்கிறது. அந்த அட்டவணையை எடுத்துப் படியுங்கள். ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும், அதில் நம் தரமணி நிறுவனமும் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, என்.சி.பி.எஸ். அதன் மையம்தான். மானேசரின் மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையம் எல்லாம் இருக்கின்றன. 69 விழுக்காடு பற்றி மேடைக்கு மேடை பெருமை பேசும் மாநிலத்தின் தலைநகரிலேயே விதிவிலக்கு உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கட்சியும் அதைத் தொட்டுப் பேசுவதில்லை.

"சிறப்பு நிலை நிறுவனம், தகுதி கெடும்" என்பார்கள். சரி, தகுதியையே பேசுவோம். துறைகளுக்கு இடையிலான பயிற்சி என்றால் என்ன பொருள்? செல் என்றால் என்னவென்று பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு படிக்காத இயற்பியல் மாணவரையும் பொறியியல் மாணவரையும் உள்ளே எடுத்து, உயிரியலை முதலிலிருந்து கற்பிப்பது. அவருடைய அறியாமைக்கு ஒரு பாடத்திட்டமே போட்டுத் தருகிறார்கள். அதே அரவணைப்பு, செல்லைத் தெரிந்து நுண்கணிதம் தெரியாமல் வருகிற எங்கள் தாவரவியல் பட்டதாரிக்கு ஏன் இல்லை? ஓராண்டு கணக்குப் பயிற்சி கொடுத்தால் குடி முழுகிப் போகுமா? இயற்பியல்காரருக்குத் தெரியாதது 'இன்னும் கற்காதது', எங்கள் பிள்ளைக்குத் தெரியாதது 'தகுதிக் குறைவு'. இந்த வேறுபாட்டுக்குப் பெயர் சாதி.

சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்திலும் நிலைமை யோக்கியமாக இல்லை. 2016 முதல் 2020 வரை இந்திய அறிவியல் நிறுவனத்தின் முனைவர் பட்டச் சேர்க்கையில் பட்டியல் சாதியினர் 9 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. 15 இருக்க வேண்டிய இடத்தில் 9. கட்டாயமே இல்லாத இடத்தில் எவ்வளவு இருக்கும்?

இன்னொன்று: 4ஆம் பிரிவு விலக்கு தருகிறதே ஒழிய, இடஒதுக்கீடு கொடுக்காதே என்று தடுக்கவில்லை. மனமிருந்தால் அடுத்த சேர்க்கையிலேயே கொடுக்கலாம். எந்த நீதிமன்றமும் ஏறத் தேவையில்லை. நாடாளுமன்றம் அட்டவணையை நீக்கும்வரை காத்திருக்காமல் இந்தக் கேள்வியை இப்போதே கேட்க வேண்டும்.

இந்த மாதம் திண்டுக்கல் மாணவர்கள் ஆளுக்கொரு தகவல் உரிமை மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். கடந்த பத்தாண்டுகளில் உயிரியல் சார்ந்த முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், சேர்ந்தவர், பாதியில் வெளியேறியவர் எத்தனை பேர் என்று பிரிவுவாரியாகக் கேளுங்கள். வெளியேறியவர் எண்ணிக்கையைக் கேட்க மறக்காதீர்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், சட்டத்தின் 6(1) பிரிவு அதற்கு இடம் தருகிறது. 30 நாளில் பதில் வரவில்லையென்றால் மேல்முறையீட்டை நாம் சேர்ந்து எழுதுவோம்.

ஜெய்பீம்.