செவிலியும் சிஸ்டரும்

அகப்பாடல்களில் தலைவியை ஈன்றவள் நற்றாய். ஊட்டி வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போக்கில் சென்றபின் சுரத்திடை அடிச்சுவடு தேடி அலைபவளும் செவிலியே. பிறர் மகவைத் தன் மகவாய்க் கொண்ட அப்பெண்ணின் பெயரை மருத்துவமனைப் பணியாளர்க்கு வழங்கியவர் எவராயினும் அவர் தமிழறிந்தவர். அன்றியும், 'செவிலியர்' என்னும்போது அச்சொல் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பொதுவாய் நிற்கிறது. ஆயினும் நாஞ்சில் நாட்டு ஆஸ்பத்திரிகளில் எவரும் அச்சொல்லால் அழைப்பதில்லை. 'சிஸ்டர்' என்றே அழைக்கிறோம். ஆண் செவிலியர் எதிர்ப்பட்டால் 'பிரதர்' என்பதா, 'சார்' என்பதா என்று ஒரு கணம் தடுமாறுகிறோம்.

அத்தடுமாற்றத்திற்குள் ஒரு வரலாறு உறைகிறது. 1838இல் நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கியது. பின்னர் நாகர்கோவிலில் இரட்சணிய சேனையாரின் காதரின் பூத் மருத்துவமனை எழுந்தது. 1906இல் சுவிட்சர்லாந்திலிருந்து திருச்சிலுவைக் கன்னியர் திருவிதாங்கூருக்கு வந்து அரசு மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணினர். பிறர் ஏன் முன்வரவில்லை? குருதியும் சீழும் தீட்டென ஒதுக்கிய சாதியாசாரம் ஒருபுறம். இரவுப்பணியும் அயலாடவரைத் தொடுதலும் தகாவென்ற நம் சமுதாயத்தின் அச்சம் மறுபுறம். நாம் விலகி நின்ற இடத்தில் கிறித்தவப் பெண்கள் நின்றார்கள். வளைகுடா நாடுகளில் பிழைக்கச் சென்று நோயுற்ற நம்மவரைப் பேணியவர்களுள்ளும் கேரளத்தையும் குமரி மாவட்டத்தையும் சேர்ந்த அப்பெண்கள் பலர். அக்கடனை நாம் மறத்தலாகாது.

நம் அச்சத்தின் விலை யாது? திண்டிவனத்தில் இளம்பெண்ணாய்த் தந்தையாரின் இல்லத்தில் தங்கியிருந்த ஐடா ஸ்கடரை ஒரே இரவில் மூவர் நாடி வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் உயர்சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்தனர். மருத்துவரான தந்தையார் செல்ல ஆயத்தமாயிருந்தும் ஆடவர் வருதல் கூடாதென மறுத்தனர். பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவே தம்மை மருத்துவராக்கியது என்று அவ்வம்மையார் கூறினார். 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கி, 1909இல் செவிலியர் பயிற்சியையும் அமைத்தார். 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. தம் மனைவியர்க்குப் பெண்ணே மருத்துவம் செய்தல் வேண்டும் என்போர், தம் மகளிரை அப்பணிக்கு அனுப்ப மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

மார்க்கத்தைக் காரணங்காட்டுவோர் ருஃபைதா அம்மையாரை நினைத்தல் வேண்டும். கி.பி. 627இல் அகழ்ப்போரில் அம்புபட்ட சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் அவ்வம்மையார் அமைத்திருந்த கூடாரத்தில் சேர்க்குமாறு பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இலண்டனில் பயிற்சிப்பள்ளி கண்டதோ 1860இல்.

உடை பற்றியும் ஒளிவின்றிப் பேசுவோம். 2023இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மாணவியர் சிலர், அறுவை அரங்கில் நீண்ட கையுடைய அங்கியும் தலையை மறைக்கும் உறையும் அணிய இசைவு கேட்டனர்; பெருவாதம் எழுந்தது. முழங்கைக்குக் கீழ் துணி தொங்கினால் கிருமி பரவும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. அதனை மதநிந்தை எனக் கொள்ளுதல் பேதைமை. அதுபோலவே, இடையில் வழியே இல்லை என்பதும் பிடிவாதம். இங்கிலாந்தில் 2010இலேயே, ஒருமுறை அணிந்து எறியும் கையுறைக் குழல்களுக்கு அரசு இடந்தந்தது. நோயாளியின் நலம் கெடாத வழியை அமர்ந்து பேசித் தேடினால் அது கிட்டும்.

ஆடவர் நிலையும் எளிதன்று. 2019இல் எய்ம்ஸ் நிறுவனங்களின் செவிலியர் பணியிடங்களில் நூற்றுக்கு எண்பது பெண்களுக்கே என முடிவாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் தூத்துக்குடி மாவட்டத்துத் திருநங்கை அன்பு ரூபி தமிழக அரசின் செவிலியராய் ஆணை பெற்றார். ஒரு கதவு குறுகுங்கால் மற்றொன்று திறக்கிறது!

எவரைச் சேர்ப்பது என்பதோடு எதைக் கற்பிப்பது என்பதும் நிற்கிறது. மானிடவியல் கற்ற அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர், நோயாளியின் பண்பாட்டை அறியாத பேணுதல் குறைபட்டதென்று கண்டு, அதனை ஒரு தனித்துறையாகவே வளர்த்தார். நம் ஊரில் இதற்குப் பெருநூல் வேண்டா. இரமலான் பிறக்குமுன்னரே சர்க்கரை நோயாளியிடம், 'நோன்பு நோற்பீர்களா? ஊசியின் அளவை மருத்துவரிடம் கேட்டீர்களா?' என வினவத் தெரிதல் வேண்டும். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். நோயாளியின் வாய்மொழியோ வேறு. கீரிப்பாறையிலிருந்து இறங்கி வரும் பால்வெட்டுத் தொழிலாளி 'தீனம்' என்றால், வடமாவட்டத்துச் செவிலியர்க்கு விளங்குமா? 'இளைப்பு' என்பதனை உடல் மெலிவென்று குறித்துக்கொண்டால், மூச்சுத்திணறலோடு வந்தவர் கதி என்னாவது?

இவ்விடத்தில் தமிழ்த்துறைக்கு வேலை உண்டு. ஜீவா பிறந்த பூதப்பாண்டியிலும், தோவாளையிலும், கோட்டாற்றிலும், குளச்சலிலும் மூத்தோர் வாயில் வழங்கும் நோய்ச்சொற்களை நம் மாணவர் ஒரு விடுமுறையில் தொகுத்துவிடலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, சிறுநூலாக அச்சிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குப் புதிதாய்ப் பணியேற்று வருவோர் கையில் கொடுக்கலாம். அச்சுச்செலவை ஜமாஅத்துகள் ஏற்குமென நம்புகிறேன். செவிலியம் பயிலும் நம் பெண்ணொருத்திக்கு முதலாண்டுக் கட்டணத்தையும் அவை ஏற்குமாயின், அந்நூலை ஒருநாள் அவளே திருத்திப் பதிப்பிக்கக்கூடும்.