வர்ணத்துக்கு முன் வெண்பூச்சு

சித்திர வகுப்பென்றால் வர்ணம் குழைப்பதிலிருந்தே தொடங்கவேண்டுமென்று எண்ணும் நம் பாடசாலைகள், பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சைப் பூசி, உலர்ந்தபின் வழவழப்பாகத் தேய்த்தெடுத்த பிறகே வர்ணத்தைத் தொடும் தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்களின் சம்பிரதாயத்தைச் சற்றே கவனிப்பது உசிதம். மேனாட்டாரின் ஜெஸ்ஸோ என்னும் வெண்பூச்சும் ஏறக்குறைய இத்தகையதே. கடையில் விற்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ கிட்டாவிட்டாலும் பாதகமில்லை. சாக்பீஸ் பொடியையும் வெள்ளைப் பசையையும் நீர்விட்டுக் குழைத்து, பழைய அட்டையின் இருபுறமும் மெல்லியதாகப் பூசினால் (ஒருபுறம் மட்டும் பூசிய அட்டை வளைந்துகொள்ளும்), வர்ணம் அட்டைக்குள் உறிஞ்சப்படாமல் மேலே பிரகாசிக்கும். உலர்ந்த பூச்சைத் தேய்க்கையில் எழும் தூசு சுவாசத்துக்கு ஆகாதாதலால், அக்காரியத்தை ஈரத்துணி கொண்டு செய்விப்பதே உபாத்தியாயருக்கு அழகு. முக்கால் மணிப் பாடவேளைக்குள் இதெல்லாம் நடவாதென்பது மெய்தான். ஒரு வாரம் பூச்சும் மறுவாரம் சித்திரமுமாக வைத்துக்கொள்வதில் என்ன நஷ்டம்?