படத்தில் இடமுண்டு, மண்டபத்தில் இடமில்லை!

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர், எம் மக்கள் பட்ட துயரைப் பதிவு செய்யும் ஆவணப்படங்கள் பல தோன்றியுள்ளன. பெருமுதலாளரின் முதலோ அரசின் தயவோ இன்றி, எம் இளைஞர் கைப்பொருளைச் செலவிட்டு எடுத்த படங்களும் அவற்றுட் பல. அம்முயற்சியை நாம் போற்றுகின்றோம். போற்றும் அதே வாயால் ஒரு குறையையும் எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அண்மையில் வெள்ளவத்தையில் அத்தகைய படமொன்றைக் காணச் சென்றிருந்தோம். காட்சி நடைபெற்றது இரண்டாம் மாடியில், மின்தூக்கி கிடையாது. கண்ணிவெடிக்குக் காலைப் பறிகொடுத்த வன்னிக் கமக்காரர் ஒருவரின் வாழ்வே படத்தின் பொருள். விருந்தினராக வந்த அவரை இரண்டு இளைஞர்கள் நாற்காலியோடு சுமந்து மேலே கொண்டு வந்தனர். கூடியிருந்தோர் கைதட்டினர், அவரோ தலை நிமிரவில்லை. தம் நிலத்தைத் தாமே உழுத மனிதர், தம் கதையைக் காண்பதற்குப் பிறர் தோளை நம்ப வேண்டியதாயிற்று!

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த செவிப்புலனற்ற அன்பர் ஒருவர் பாதியிலேயே எழுந்து சென்றார். திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடின. தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. பிறநாட்டு விழா நடுவர்களுக்கு விளங்க வேண்டுமெனக் கவலை கொண்டோர், அருகிருக்கும் தமிழருக்கு விளங்க வேண்டுமென எண்ணினாரில்லை.

1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் எமக்கு இழைத்த அநீதி யாது? பிறந்த நாட்டிலேயே, வாசித்தறிய இயலாத கடிதத்தைக் கையில் ஏந்தி எம்மை நிற்க வைத்தமை அன்றோ? அவ்வேதனையை அறிந்த நாமே, எம்முள் ஒரு பகுதியினரை அதே நிலையில் நிறுத்தலாமா?

இது இரக்கத்தைப் பற்றிய பேச்சன்று, உரிமையைப் பற்றியது. பொதுமக்கள் செல்லத்தக்க எக்கட்டடத்துக்குள்ளும் புகுவதில், உடற்குறையைக் காரணங்காட்டி எவருக்கும் கட்டுப்பாடு விதித்தலாகாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தாமே வழக்காடியதன் பயனாக, 2011இல் உயர் நீதிமன்றம் அவற்றை வலியுறுத்திக் கட்டளையிட்டது. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரையோ, திரைப்படங்களை அணுகத்தக்க வடிவில் துய்க்கும் உரிமையோடு, தம் கலையாற்றலை வளர்க்கும் உரிமையையும் கூறுகின்றது.

"பணத்துக்கு எங்கே போவோம்?" என்பார் உளர். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் முன்னர் தமிழ் உரையாடலை எழுதித்தானே ஆகவேண்டும்? அவ்வெழுத்தையே திரையில் ஏற்றினால் என்ன? கட்புலனற்றோருக்காக, பேச்சில்லா இடங்களில் காட்சியை விளக்கும் குரலொன்றைச் சேர்த்தல் மலையைப் புரட்டும் காரியமன்று. கிராமத்துக் கோயில் வீதியிலே திரை கட்டிக் காட்டும்போது படிக்கட்டுக்கே வேலையில்லை. படம் முடிந்த பின்னர் ஒட்டுப் போடுவதாலேயே செலவு மிகுகின்றது; முதல் நாள் போடும் வரவு செலவுக் கணக்கிலேயே இவற்றுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படல் வேண்டும்.

இவ்வளவுடன் கடமை முடிந்துவிடாது. கமெராவுக்கு முன்னால் சான்றுப் பொருளாக இருத்தப்படுபவர், அதன் பின்னாலும் நிற்றல் வேண்டும். அமெரிக்காவில் 2020இல் வெளியான "கிரிப் காம்ப்" என்ற ஆவணப்படத்தின் நெறியாளர் இருவருள் ஜிம் லெப்ரெக்ட் என்பார் சக்கர நாற்காலியில் வாழ்பவர். படம் கூறும் முகாமில் இளமையில் தாமும் இருந்தவர். அதனால் அப்படத்தில் அழுகைக்கு நிகராகச் சிரிப்பும் போராட்டமும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றமும் 2024 யூலையில், மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிக்கும் படைப்புகளில் அவர்களின் பங்களிப்பு வேண்டுமென வழிகாட்டியுள்ளது.

படங்களுக்குப் பொருளுதவி செய்யும் வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்துறை நண்பர்களே! பணம் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்படத்தைக் காண யார் யாரால் இயலும்?" கமக்காரப் பெருமக்களே! கமெராவுடன் உங்கள் முற்றத்துக்கு வருவோரிடம் கேளுங்கள்: "முடிந்த படத்தை எமக்கு எங்கே, எவ்வாறு காட்டுவீர்?"

விடை கிடைத்த பின்னர் கதையைச் சொல்லுங்கள். இரங்கத்தக்க முகங்களைத் திரட்டி உலகுக்குக் காட்டிவிட்டு, அம்முகத்துக்குரியோரை வாசற்படியில் நிறுத்தும் கலை எமது விடுதலைக்கு உதவாது.