கால்னனுக்கும் ஒரு தலை இருக்கிறது

2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்திய வீரர் அமித் ரோஹிதாஸுக்கு விதிக்கப்பட்ட ஒரு ஆட்டத் தடை பச்சை அநியாயம் என்று சென்ற இதழில் நம் நண்பர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கடலூர், சிதம்பரம் விளையாட்டு மேடைகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பேச்சில் தேன் ஒழுகும், கட்டுரையிலும் ஒழுகுகிறது. ரோஹிதாஸின் ஏமாற்றம், கேப்டன் ஹர்மன்பிரீத்தின் தவிப்பு, கோல் கீப்பர் ஸ்ரீஜேஷின் கடைசித் தொடர், கோடானு கோடிப் பேரின் கனவு, எல்லாம் உண்டு. இல்லாத பெயர் ஒன்றுதான்: வில் கால்னன். மட்டை பட்டது அவர் தலையில். அடிபட்டவனைக் கூப்பிடாமலே பஞ்சாயத்தைக் கூட்டித் தீர்ப்பும் சொல்லிக் கலைத்துவிட்டார் நண்பர்.

நடந்தது இது. ஆகஸ்ட் 4, கால் இறுதி, எதிரணி பிரிட்டன். 17வது நிமிடத்தில் பந்தோடு முன்னேறிய ரோஹிதாஸின் மட்டை உயர்ந்து, நெருங்கி வந்த கால்னனின் தலையில் பட்டது. வீடியோவைப் பார்த்த பிறகு சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிடத்துக்கும் மேல் இந்தியா பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று முடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என ஜெயித்தது. ஸ்ரீஜேஷ் அன்று நின்ற நிலையைச் சொல்லும்போது எனக்கும் நண்பர் மாதிரியே புல்லரிக்கிறது, அதில் சண்டை இல்லை. பிறகு சர்வதேச ஹாக்கி சம்மேளனம் ரோஹிதாஸுக்கு ஒரு ஆட்டம் தடை விதித்தது. ஹாக்கி இந்தியா செய்த மேல்முறையீடு நிற்கவில்லை. 6ஆம் தேதி அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3. 8ஆம் தேதி ரோஹிதாஸ் திரும்பி வந்தார், ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம் வாங்கினோம்.

நண்பரின் முதல் வாதம், அவர் வேண்டுமென்று அடிக்கவில்லை என்பது. சரி, வேண்டுமென்று அடிக்கவில்லை. வீடியோவைப் பார்க்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால் என்ன? கடலூர்–சிதம்பரம் சாலையில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பறக்கும் தனியார் பஸ் டிரைவர்கள் யாரும் ஆளைக் கொல்லும் எண்ணத்தோடு ஸ்டியரிங் பிடிப்பதில்லை. ஆனாலும் அடிபட்டுச் செத்தால் கவனக்குறைவுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. கொலைக்கு ஒரு தண்டனை, கவனக்குறைவுக்கு வேறு தண்டனை, பிந்தையது குறைவு. எண்ணம் இல்லை என்பது தண்டனையைக் குறைக்கும், ஒன்றுமில்லாமல் ஆக்காது. ரோஹிதாஸுக்குக் கிடைத்ததும் அந்தக் குறைந்த தண்டனைதான்: ஒரே ஒரு ஆட்டம். வேண்டுமென்று மண்டையில் போட்டிருந்தால் ஒரு ஆட்டத்தோடு விட்டிருப்பார்களா?

ஹாக்கி விதி ஆட்டக்காரரின் மனசைத் தோண்டிப் பார்க்கச் சொல்லவில்லை. மட்டையை மற்றவர் தலைக்கு மேல் தூக்காதே, ஆபத்தாகப் பயன்படுத்தாதே என்கிறது. மட்டை எங்கே போகிறது என்பதற்கு அதைப் பிடித்திருப்பவரே பொறுப்பு. இது சர்வதேசப் பெரிய மனிதர்கள் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் ஹாக்கி பழகும் எந்த மைதானத்திலும் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு பையன் பந்தைத் தவறவிட்டு மட்டையைத் தோளுக்கு மேல் சுழற்றுவான். பக்கத்தில் நிற்பவன் கழுத்தைச் சுருக்கிக்கொள்வான். பி.டி. மாஸ்டர் விசிலை ஊதிவிட்டு, "டேய், ஸ்டிக்கை இறக்குடா!" என்று கத்துவார். பந்து எந்தப் பக்கம் போனது என்று அப்புறம்தான் பார்ப்பார். "வேணும்னு செய்யல சார்" என்பான் பையன். "தெரியும்டா. போய் வெளிய உக்காரு." அவ்வளவுதான் விசாரணை. அந்தப் பையனும் போய் உட்காருவான். மாஸ்டர் தனக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று எவனும் கட்டுரை எழுதுவதில்லை.

ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்பது அடுத்த கேள்வி. சிவப்பு அட்டை அன்றைய ஆட்டத்தை நடத்துவதற்கு. தடை அடுத்த ஆட்டத்தில் ஆடப்போகிறவர்களுக்காக. கால்பந்தில் நேரடி சிவப்பு வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்காருவதைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே கேட்காத கேள்வி இங்கே மட்டும் ஏன் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்: இது நம்ம ஆள்.

ரோஹிதாஸ் இல்லாததால்தான் தங்கம் போனது என்கிறார். பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து ஓடித் தடுக்கும் ஆள் அவர், இல்லாதது இழப்புதான். ஆனால் ஸ்கோர் கார்டைக் கொஞ்சம் திறந்து பார்த்திருக்கலாம். ஜெர்மனியின் மூன்று கோலில் பெய்லாட் அடித்தது ஒன்றுதான் பெனால்டி கார்னர். இரண்டாவது ரூர் அடித்த பெனால்டி ஸ்ட்ரோக். அதை கோல் கீப்பரைத் தவிர யாரும் தடுக்க முடியாது. ஆட்டத்தை முடித்த மூன்றாவது, 54வது நிமிடத்தில் மில்ட்காவ் அடித்தது, சாதாரண ஃபீல்டு கோல். நமக்குக் கிடைத்த பெனால்டி கார்னர்களில் பெரும்பாலானவை வீணானதைப் பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை. அதற்கும் கால்னன் தலைதான் காரணமோ?

பிறகு வருகிறது ஐரோப்பியச் சதி. இந்தியாவைப் பிடிக்காத வெள்ளைக்காரர்கள் நடத்தும் சம்மேளனமாம். 2016 முதல் 2022 வரை அந்தச் சம்மேளனத்தின் தலைவர் நரிந்தர் பத்ரா, இந்தியர். இப்போதைய தலைவர் தய்யப் இக்ராம், ஆசிய ஹாக்கி சம்மேளனத்திலிருந்து மேலே போனவர். 2018, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகள் ஒடிசாவில் நடந்தன. ஜூனியர் உலகக் கோப்பை 2025இல் சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. இவ்வளவு ஓரவஞ்சனை செய்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கால் இறுதி பற்றி ஹாக்கி இந்தியாவே எழுத்துமூலம் புகார் கொடுத்தது உண்மை. ஷூட் அவுட்டின்போது கோல் கீப்பர் டேப்லெட் பயன்படுத்தியது, கோலுக்குப் பின்னாலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தது, வீடியோ அம்பயரிங்கில் சீர் இல்லாதது என்று புகார்கள். அவை விசாரிக்க வேண்டியவை. வீடியோ முடிவுகளில் சீர் வேண்டும் என்று கேட்டால், தலையில் பட்ட ஒவ்வொரு அடிக்கும் கார்டு காட்டு என்றுதான் அர்த்தமாகும். நண்பர் கேட்பது நேர் எதிர்.

கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம், ஐஸ் ஹாக்கியை உதாரணம் காட்டிய இடம். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் ஆளை ஆள் இடித்துத் தள்ளுவதே ஆட்டம், தலையில் பட்டாலும் துடைத்துவிட்டுப் போகிறார்கள், தடை விதித்து யாரும் திருந்தியதில்லை என்கிறார். யாரிடம் கேட்டு எழுதினாரோ.

2004 மார்ச்சில் வான்கூவர் அணியின் டாட் பெர்டுஸி, கொலராடோவின் ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து தலையில் குத்திப் பனித்தரையில் சாய்த்தார். மூருக்குக் கழுத்தெலும்பு மூன்று இடத்தில் முறிந்தது, மூளை அதிர்ச்சி வேறு. துடைத்துவிட்டுப் போகவில்லை, அதற்குப் பிறகு அவர் அந்த லீகில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. பெர்டுஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 20 ஆட்டங்களை இழந்தார். 2005இல் திரும்பி வந்து, 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்காகவும் ஆடினார். நஷ்டஈட்டு வழக்கு 2014 வரை இழுத்தது. தடை எவ்வளவு கொடியது என்று கண்ணைக் கசக்குகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2010 மார்ச்சில் பிட்ஸ்பர்க் அணியின் மாட் குக், பாஸ்டனின் மார்க் சவார்டைப் பக்கவாட்டிலிருந்து தலையில் இடித்தார். குக்குக்குத் தடையே இல்லை. காரணம், அன்றைய விதிப்படி அது குற்றமில்லை! சவார்டின் ஆட்ட வாழ்க்கை 2011 ஜனவரியோடு முடிந்தது. அந்தச் சம்பவம் கிளப்பிய கூச்சலில்தான் 48ஆம் விதி வந்தது: தலையை இலக்காக வைத்து இடித்தால் தண்டனை. 2011இல் அதே குக் இன்னொருவர் தலையில் முழங்கையைப் போட்டபோது, மிச்சமிருந்த பத்து ஆட்டங்களும் பிளே ஆஃப் முதல் சுற்று முழுவதும் போயிற்று. அந்த சீசனில் 129 நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்த மனிதர், அடுத்த சீசனில் உட்கார்ந்தது 44 நிமிடம். யாரும் திருந்தியதில்லையா? எல்லோரும் திருந்துவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ராஃபி டோரஸ் 2012இல் 25 ஆட்டத் தடை வாங்கினார், மேல்முறையீட்டில் 21 ஆனது. 2015இல் மறுபடி தலையில் இடித்து 41 ஆட்டம் வாங்கினார். பாதி சீசன். அவர் திருந்தவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்த லீகில் ஆடவும் இல்லை. மற்றவர்கள் தலைக்கு அதுவே போதும்.

"இந்த மண்ணின் வீரம்" என்று ஒரு பத்தி. ஜல்லிக்கட்டில் திமிலை விட்டு வாலையோ கொம்பையோ பிடித்தால் வாடிவாசலிலேயே வெளியேற்றுகிறார்கள். மாட்டுக்கு இருக்கும் விதிகூட கால்னனுக்கு வேண்டாம் என்கிறார்.

வீரம் என்ற பேச்சை நம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சுலபமாகப் பேச அவருக்கு எப்படி வாய் வந்தது? 2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் மானடிக்குப்பத்தில் நடந்த கபடிப் போட்டியில், ரெய்டு போன கல்லூரி மாணவர் ஒருவர் தரையில் விழுந்து, எதிரணிக்காரரின் முழங்கால் மேலே பட்டு, எழ முயன்று, அப்படியே சரிந்து உயிரை விட்டார். அந்த வீடியோவை இங்கே போன் வைத்திருந்த எல்லோரும் பார்த்தோம். அங்கே யாரும் யாரையும் வேண்டுமென்று தாக்கவில்லை. யாரையும் தண்டிக்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை. நண்பரின் அளவுகோலை அங்கே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஆகவே பேச ஒன்றுமில்லை. இதுதானே அவர் தத்துவம்? எண்ணம் இருந்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், ஆபத்தான பிடி எது, எப்போது விசில் ஊதவேண்டும், விழுந்தவரை யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு வேலையே இல்லாமல் போகும்.

இத்தனையிலும் ரோஹிதாஸ் விஷயத்தில் கேட்க நியாயமான ஒரு கேள்வி இருந்தது. அதை மட்டும் நண்பர் தொடவில்லை. ஒலிம்பிக் அணியில் 16 பேர். தடை பெற்றவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்க வழியில்லை. இந்தியா 15 பேரோடுதான் அரையிறுதி ஆடும் என்று சம்மேளனத்தின் அறிவிப்பே சொன்னது. ரோஹிதாஸ் வெளியே உட்காருவது சரி. மீதிப் பேர் ஒரு ஆள் குறைவாக, ஓய்வெடுத்து மாறி மாறி ஆட முடியாமல், அந்த ஓட்டம் ஓட வேண்டியது எதற்கு? களைத்த கால்களும் களைத்த கைகளும்தான் மட்டையைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகின்றன. தடை ஆளுக்கு இருக்கட்டும், எண்ணிக்கைக்கு வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தால் நானே கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன். அதை எழுத விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டும். கண்ணீர் வடிக்க எதையும் புரட்ட வேண்டியதில்லை.

அவர் சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் மதிப்பு உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். திருவிழாக் கபடியோ பள்ளி ஹாக்கியோ, நோட்டீஸில் அவர் படம் இல்லாமல் போட்டி நடப்பது அபூர்வம். முதல் பரிசு எவ்வளவு, நன்கொடை யார், மைக் செட் யார் என்று எல்லாம் அச்சாகிறது. டாக்டர் யார் என்ற வரியை நான் எந்த நோட்டீஸிலும் பார்த்ததில்லை. அடுத்த முறை சிறப்பு விருந்தினராகக் கூப்பிட வருகிறவர்களிடம், மைதானத்து ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்காவிட்டால் மேடை ஏறமாட்டேன் என்று அவர் சொல்லிப் பார்க்கட்டும். தலையில் அடிபட்ட பையன் அன்றைக்கு மறுபடி களத்தில் இறங்கக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லட்டும். சொல்வாரா?